பிழைத்தவனின் உடம்பு

நவம்பர் மாதம் எங்கள் கிளையில் பென்ஷன்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுத்தால்தான் பென்ஷன் தொடரும். விரல் ரேகையை இயந்திரம் படித்துவிடும். தேய்ந்த ரேகைகளை அது படிக்காதபோது ஒரு தாளை நிரப்பி, முகத்தைப் பார்த்து, கையெழுத்துப் போடுகிறோம். இன்னார் இன்று நேரில் வந்தார், உயிருடன் இருக்கிறார். எப்படி உயிருடன் இருக்கிறார் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, அது வங்கித் தாள். ஆனால் நம் இலக்கியமும் நோயாளி விஷயத்தில் இதே தாளைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பி.ஏ.வில் ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு ட்ராஜெடி என்றால் ஐந்தாம் அங்கத்தில் பிணங்கள் விழ வேண்டும். நோய் பற்றிய இலக்கியத்தையும் நாம் அப்படியே படித்து வந்திருக்கிறோம். 1886இல் வந்த டால்ஸ்டாயின் 'இவான் இல்லியிச்சின் மரணம்' இந்த வகையின் சிகரம். சாவதை அதற்குமேல் எழுத முடியாது. ஆனால் டால்ஸ்டாய்க்குத் தெரிய நியாயமில்லாத ஒரு ஜன்மத்தை இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் உண்டாக்கியது. அவன் சாகவில்லை. கத்தி, கதிர், மருந்து மூன்றையும் தாண்டி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டான். எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, தன் உடம்பை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. இந்த மனிதர்களுக்கான இலக்கியம் எங்கே?

தமிழ் சினிமாவிடம் இதை எதிர்பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் கான்ஸர் என்ற சொல் நம் மத்தியதர மனதுக்குள் நுழைந்த வழி அதுதான் என்பதால் பார்க்க வேண்டும். 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. கணவனுக்குப் புற்றுநோய், மருத்துவன் மனைவியின் பழைய காதலன். நோயாளி பிழைக்கிறான், காப்பாற்றிய மருத்துவன் சாகிறான். தியாகத்துக்கு ஒரு சாவு வேண்டும், யாருடையதானால் என்ன. பிழைத்த கணவனின் உடம்போடு அந்த மனைவி வாழப்போகும் வாழ்க்கையில் படத்துக்கு அக்கறையில்லை. 1982இல் 'வாழ்வே மாயம்'. இங்கே நோய் காதலை நிறைவேறாமல் வைத்து, அதனாலேயே தூய்மையாகவும் வைக்கிறது. இரண்டிலும் புற்றுநோய்க்கு உடம்பே இல்லை. அது ஒரு கடிதம் மாதிரி வருகிறது, படித்ததும் அழ வேண்டும், அவ்வளவுதான்.

ஸோல்ஷெனிட்ஸினின் 'கான்ஸர் வார்ட்' நாவலுக்கு வருகிறேன். ரஷ்யாவில் அச்சேற மறுக்கப்பட்டு 1968இல் மேற்கில் வெளிவந்த இந்த நாவல், பனிப்போர்க் காலத்தில் ஒரே விதமாக வாசிக்கப்பட்டது. கட்டி என்றால் ஸ்டாலினிய அரசு, ஆஸ்பத்திரி என்றால் ஸோவியத் தேசம். ரஷ்ய எழுத்தாளர் சங்கத்து அதிகாரிகளும் அப்படியே வாசித்தார்கள், அமெரிக்கப் பத்திரிகைகளும் அப்படியே வாசித்தன. எதிரிகள் இருவருக்கும் ஒரே வாசிப்பு வாய்த்தால் அந்த வாசிப்பைச் சந்தேகிக்க வேண்டும். 1967இல் சங்கத்தின் செயலகக் கூட்டத்தில் ஸோல்ஷெனிட்ஸின், இது குறியீடு அல்ல, நான் எழுதியிருப்பது புற்றுநோயைத்தான் என்று வாதாடினார். தப்பிப்பதற்காகச் சொன்ன சாக்கு என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். நாவலை மறுபடி படித்தபோது அவர் சொன்னது நிஜம் என்று எனக்குப் பட்டது. 1952இல் முகாமில் அறுவை சிகிச்சையும், 1954இல் தாஷ்கெண்டில் கதிர்ச் சிகிச்சையும் செய்துகொண்ட உடம்பு எழுதிய நாவல் அது.

அதன் நாயகன் கோஸ்தோகுளோதவ் 34 வயதுக்காரன். போர், முகாம், நாடுகடத்தல், அப்புறம் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சையில் கட்டி கரைகிறது. ஊசி ஒன்றும் ஆரம்பிக்கிறார்கள். ஸினெஸ்ட்ரால் என்று பெயர் மட்டும் தெரிகிறது. அது பெண்மைச் சுரப்பு மருந்து என்பதையும், ஆண் என்று தன்னை அவன் எதை வைத்து அறிகிறானோ அதை அது மெல்ல அழிக்கும் என்பதையும் மருத்துவர்கள் அவனிடம் சொல்லவில்லை. மருத்துவ மாணவியும் நர்ஸுமான ஸோயாவிடமிருந்து தெரிந்துகொள்கிறான். சாகக் கிடக்கும் இன்னொருவனுக்காகப் பிராணவாயுப் பையை நிரப்பும் நேரத்தில் அவளை முத்தமிடுகிறான். ஊசியைப் போடாமலிருக்க அவள் சம்மதிக்கிறாள். இந்த இடத்தில் நாவல் தன் மையக் கேள்வியைக் கேட்கிறது: உயிருக்காக ஒரு மனிதன் எவ்வளவுவரை விலை கொடுக்கலாம், எதற்குமேல் கொடுக்கக் கூடாது? முகாமில் அவன் கேட்ட அதே கேள்வி. அங்கே விலையாகக் கேட்டது மானம். இங்கே கேட்பது ஆசை.

பெரிய மருத்துவர் தோன்த்ஸோவாவோடு அவன் போடும் சண்டை, சிகிச்சை செய்யும் உரிமை பற்றியது. நோயாளிக்காகத் தீர்மானிக்கும் உரிமை இல்லாவிட்டால் மருத்துவமே இல்லை என்பது அவள் பக்கம். அவள் கெட்டவள் அல்ல, அந்த நாவலிலேயே அப்பழுக்கில்லாத மனிதர்களில் ஒருத்தி. அந்த உரிமையை எனக்குக் கேட்காமலே பலர் எடுத்துக்கொண்டு முடித்துவிட்டார்கள் என்பது அவன் பக்கம். குறியீட்டு வாசிப்பு தோற்கும் இடம் இது. ஆஸ்பத்திரி அரசைக் 'குறிக்க'வில்லை. ஒருவன் உடம்பின் மீது அவனிடம் சொல்லாமல் முடிவெடுப்பது என்ற ஒரே காரியத்தை அரசு வெறுப்போடு செய்கிறது, மருத்துவம் அன்போடு செய்கிறது. அன்போடு செய்யும்போது எதிர்ப்பது இன்னும் கஷ்டம். நாவலின் அரசியலும் அதன் காமமும் ஒரே புள்ளியில் நிற்கின்றன.

இந்த மருந்தின் கதை 1955இன் ரஷ்யாவோடு முடிந்த பழங்கதையும் அல்ல. சுரப்புகளைத் தடுத்துச் சில புற்றுகளை அடக்கலாம் என்று ப்ராஸ்டேட் நோயாளிகளிடம் 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் கிடைத்தது. அந்த வழி இன்றும் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மார்பகப் புற்றுக்குப் பின் பெண்கள் ஐந்து வருஷம், பத்து வருஷம் மாத்திரை சாப்பிடுகிறார்கள். வறட்சி, வலி, ஆசை வற்றுதல் எல்லாம் அதோடு வரும். கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர் வைத்தால் சினைப்பை ஓய்ந்து, முப்பத்தைந்து வயதில் மாதவிலக்கு நின்றுபோகும். யோனி சுருங்கி இறுகும். இவற்றில் பலவற்றுக்கு நிவாரணம் உண்டு. களிம்பு, விரிப்பான், முன்கூட்டியே விந்தை உறையவைப்பது, 1982இல் பாட்ரிக் வால்ஷ் செய்து காட்டிய, நரம்பைக் காப்பாற்றும் அறுவை முறை. ஆனால் எல்லா நிவாரணத்துக்கும் முன்னால் யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கோஸ்தோகுளோதவ் டிஸ்சார்ஜ் ஆகிறான். வேகா என்று அவன் மனதில் பெயர் வைத்த மருத்துவர் வேரா காங்கார்ட் தன் வீட்டில் வந்து தங்கச் சொல்லியிருக்கிறாள். காலையில் பூத்து நிற்கும் ஒரு ஏப்ரிகாட் மரத்தைப் பார்த்து நிற்கிறான். கடைவீதி, மிருகக்காட்சிசாலை என்று அலைகிறான். அவள் வீட்டுக்குப் போகிறான், அவள் இல்லை. பிறகு ஒரு டிராம் நெரிசலில் ஒரு பெண்ணோடு நெருங்கி நிற்க நேரும்போது தன்னிடம் ஆசை மட்டும் மிச்சமிருக்கிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை என்று கண்டுகொள்கிறான். திரும்பிப் போகவில்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்து வேகாவுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, நாடுகடத்தப்பட்ட ஊருக்கே ரயில் ஏறுகிறான். என்னோடு உன் வாழ்க்கையைப் பிணைக்காமல் விட்டதற்காக ஒருநாள் சந்தோஷப்படுவாய் என்கிற தொனியில் போகிறது கடிதம். இந்த முடிவை உன்னதமான துறவு என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. நானும் இருபது வயதில் அப்படித்தான் கண்கலங்கினேன்.

இப்போது அப்படித் தோன்றவில்லை. தோன்த்ஸோவா தன்னைக் கேட்காமல் முடிவெடுத்தாள் என்று நாவல் முழுக்கக் கொதித்தவன், கடைசியில் வேகாவைக் கேட்காமல் முடிவெடுக்கிறான். அவளுக்கு என்ன வேண்டும், எது போதும், எது போதாது என்பதை அவளே சொல்லட்டும் என்று விடவில்லை. அவள் அவனுடைய மருத்துவர். அந்த ஊசி என்ன செய்யும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்து கூப்பிட்டவள். ஆகவே அவன் அவளைக் காப்பாற்றுகிறான் என்பது பொய். தன் இயலாமையை அவள் கண்ணில் பார்க்க நேர்வதிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான். ஸோல்ஷெனிட்ஸினுக்கு இது தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் முடிவில் அந்தத் துக்கத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நாவல் தன் நாயகனை மிஞ்சத் தவறிய இடம் இது.

இதே பலவீனம் ஆஸ்யாவின் காட்சியிலும் இருக்கிறது, அங்கே இன்னும் அழகாக. ஆஸ்யா 17 வயதுப் பெண், விளையாட்டு வீராங்கனை. மார்பை எடுக்கப்போகிறார்கள். கால் எடுக்கப்பட்ட த்யோம்கா என்ற பையனின் படுக்கைக்கு ஓடி வருகிறாள். இனி என்னை யார் விரும்புவார்கள் என்று அழுகிறாள். நாளை இல்லாமல் போகும் மார்பைக் காட்டி, கடைசியாகப் பார்ப்பவன் நீ, முத்தமிடு என்கிறாள். அவன் முத்தமிடுகிறான். உலக நாவல்களில் இதற்கு நிகரான காட்சிகள் குறைவு. ஆனால் அறுவைக்குப் பின் ஆஸ்யா எங்கே? மார்போடு சேர்ந்து அவளும் நாவலிலிருந்து போய்விடுகிறாள். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 2001இல், ஃபிலிப் ராத் 'தி டையிங் அனிமல்' எழுதினார். அதில் மார்பகப் புற்று வந்த கொன்ஸுவேலா, பழைய காதலனான கிழட்டுப் பேராசிரியரிடம் வந்து, போவதற்கு முன் என் மார்பைப் படம் எடுத்துக்கொடு என்கிறாள். இரண்டு ஆண்கள், இரண்டு கண்டங்கள், ஒரே காட்சி. மார்புக்கு வழியனுப்பு விழா, சாட்சியாக ஒரு ஆண். மறுநாள் காலை பற்றி இருவருக்கும் சொல்ல எதுவுமில்லை.

நம் காப்பியத்தையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கண்ணகியின் முலை நோயால் போகவில்லை, தானே திருகி எறிந்தது. இரண்டையும் ஒன்றாக்குவது அபத்தம். ஆனால் எறிந்த பிறகு என்ன ஆகிறது? மதுரை எரிந்தபின் வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினான்கு நாள் கழிந்ததும் கோவலன் வானவர்களோடு வந்து அழைத்துப் போகிறான். ஒரு முலையோடு ஒரு பெண் இந்த மண்ணில் வாழ்ந்திருக்க நம் காப்பியம் கொடுத்த அவகாசம் பதினான்கு நாள். அப்புறம் தெய்வமாக்கிவிட்டோம். தெய்வத்துக்கு ரவிக்கை தைக்கத் தேவையில்லை.

மறுநாள் காலையை எழுதியவர் ஆட்ரே லார்ட். கறுப்பினக் கவிஞர், பெண்களைக் காதலித்த பெண். 1978இல் ஒரு மார்பை எடுத்தார்கள். 1980இல் 'தி கான்ஸர் ஜர்னல்ஸ்' வந்தது. அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, உதவி அமைப்பு ஒன்றிலிருந்து அன்பான ஒரு பெண்மணி வருகிறாள், உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஆட்டு ரோமத்தில் செய்த பந்து ஒன்றைக் கொடுக்கிறாள். லார்ட் வைத்துப் பார்க்கிறார். அது வெளிறிய இளஞ்சிவப்பு. அவர் தோலின் நிறம் அல்ல. இந்த ஒரு விவரத்தில், பிழைத்தவளுக்காக உலகம் தயாரித்து வைத்திருக்கும் 'இயல்பான உடம்பு' யாருடையது என்பது சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. பிறகு பந்து இல்லாமல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அதை வைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இந்த ஆபீஸின் மனோதைரியம் கெடும் என்கிறாள் நர்ஸ். மோஷே தயான் ஒரு கண்ணில் கறுப்புப் பட்டையோடு வந்தால் கண்ணாடிக் கண் வைத்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லையே என்று திருப்பிக் கேட்கிறார் லார்ட். அவர் இழந்தது போர்வீரனின் இழப்பாக மதிக்கப்படுகிறது. பெண் இழந்தது மறைக்க வேண்டிய அசிங்கம்.

ஆனால் லார்டையும் பூஜை செய்ய வேண்டாம். பழைய வீராங்கனைகளைக் கூப்பிட்டு, தன்னை அந்த வரிசையில் நிறுத்தும் பக்கங்களில் அவர் குரல் மேடைக்குப் போய்விடுகிறது. ரோமப் பந்தைக் கழற்றி எறிந்தவர் அதன் இடத்தில் ஒரு கேடயத்தை மாட்டிக்கொள்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. வலியும் பயமும், இன்னொரு உடம்பின் அருகே மறுபடி படுக்கும் தயக்கமும் எழுதப்பட்ட நாட்குறிப்புத் துண்டுகளில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் ஸூஸன் ஸான்டாக். 1975இல் அவருக்கும் மார்பகப் புற்று. மார்புத் தசையோடு சேர்த்து வெட்டும் பழைய ஹால்ஸ்டட் அறுவை. 1978இல் 'இல்னெஸ் அஸ் மெட்டஃபர்'. நோய்க்கு ஏற்றிய உருவகங்களை, முக்கியமாகப் போர் உருவகத்தை, உரித்துக் காட்டிய புத்தகம். நம்மில் பலர் அதிலிருந்துதான் இந்த விஷயத்தையே யோசிக்கக் கற்றோம். அதில் தன் நோய் பற்றி ஒரு வரி இல்லை. சுயபுராணம் வேண்டாம் என்ற அந்தக் கட்டுப்பாட்டை மதிக்கிறேன். ஆனால் உருவகத்தை எல்லாம் கழுவியபின் மிஞ்ச வேண்டியது உடம்பு. ஸான்டாக்கின் புத்தகத்தில் மிஞ்சுவது மேற்கோள்கள். உருவகம் இல்லாத நோய் வேண்டும் என்றவர், உடம்பு இல்லாத நோயைக் கொடுத்துவிட்டார்.

ராத்துக்குத் திரும்பினால், 2007இல் 'எக்ஸிட் கோஸ்ட்'. ப்ராஸ்டேட் எடுத்த ஸுக்கர்மனுக்கு 71 வயது. விறைப்பு இல்லை, சிறுநீர் நிற்பதில்லை. அதற்கு ஒரு ஊசி போட்டுப் பார்க்க நியூயார்க் வருகிறான். அங்கே ஒரு இளம் பெண்ணின் மேல் ஆசை. அணையாடை கட்டிய காமத்தை இவ்வளவு நாணமில்லாமல் எழுதியதற்காக ராத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஸுக்கர்மன் அவளோடு பேச முடியாததை அறைக்குத் திரும்பி உரையாடலாக எழுதுகிறான். எழுத்தில் அவள் வரச் சம்மதிக்கும்போது, எழுத்திலேயே ஓடிப்போகிறான். கோஸ்தோகுளோதவ் ஏறிய அதே ரயில். இடையில் மருத்துவம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆண் நாவலாசிரியனின் கணக்குப் புத்தகம் மாறவில்லை: முடியும் என்றால் நான், முடியாது என்றால் நான் இல்லை. இடையிலுள்ள பெரிய பிரதேசம், அதாவது கை, தோள், மூச்சு, ஒரே போர்வை, சிரிப்பு, கணக்கில் வரவே இல்லை.

எங்கள் கிளையில் என்னைவிட மூத்த சகா ஒருவருக்கு இதே அறுவை நடந்தது. மூன்று மாதம் கழித்து வந்தபோது சால்வை போர்த்தினோம். 'பொழச்சு வந்துட்டீங்களே சார், அது போதும்' என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். ஒருநாள் டீக்கடையில், கண்ணாடித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: 'தனியாப் படுக்கறேன் சார். அவ ஏன்னு கேக்கலை. கேட்டாச் சொல்லிடலாம்.' இவ்வளவு புத்தகம் படித்த எனக்குப் பதில் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். தமிழில் அதற்கு என்ன சொல்வது? மருத்துவர் வாயில் அது 'தாம்பத்யம்', கோர்ட்டு வாசனை அடிக்கிறது. வாரப் பத்திரிகையில் 'உறவு'. வீட்டில் 'அந்த விஷயம்'. சங்கப் பாட்டும் பக்திப் பாட்டும் கூச்சமில்லாமல் வைத்திருந்த சொற்களை உரைநடைக்கு வரும் வழியில் எங்கோ தொலைத்தோம். 2002இல் ஒரு கவிதைத் தொகுப்புக்குக் குட்டி ரேவதி 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது எழுந்த கூச்சல் ஞாபகமிருக்கும். நோயில்லாத முலையின் பெயரையே அட்டையில் தாங்க முடியாத மொழியில், எடுக்கப்பட்ட முலையைப் பற்றி ஒருத்தி யாரிடம் எந்தச் சொல்லில் பேசுவாள்?

ஆகவே இது மருத்துவர்களின் குறை மட்டுமில்லை. அவர்கள் சொல்லாததற்குச் சொல்லில்லாததும் ஒரு காரணம். சொல் உண்டாக்குவது நம் வேலை. சிறுபத்திரிகைகளில் நாம் உடம்பைப் பற்றி நிறைய எழுதுகிறோம். பெரும்பாலும் அது இருபத்தைந்து வயது உடம்பு, அல்லது சாகும் உடம்பு. நடுவில் தழும்போடு வீடு திரும்பி, சமையலறைக்கும் ஆபீஸுக்கும் போய்வரும் உடம்பு நம் எழுத்துக்கு வெளியே நிற்கிறது. அதை வீரமாக்க வேண்டாம், தெய்வமாக்க வேண்டாம், ரயிலேற்றியும் அனுப்ப வேண்டாம். வேகாவின் வீட்டுக் கதவை இரண்டாம் முறை தட்டும் கோஸ்தோகுளோதவை யாராவது எழுதட்டும். அவள் கதவைத் திறக்கிறாள். அவன் சொல்கிறான். அவள் பதில் சொல்கிறாள். என்ன பதில் என்பது எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் நாவல் வேண்டும் என்கிறேன்.

அடுத்த நவம்பரில் அந்தச் சகாவும் பென்ஷன்காரராக என் கவுண்டருக்கு வருவார். உயிருடன் இருக்கிறார் என்று நான் கையெழுத்துப் போடுவேன்.